தேரன்று காணாமல் போன கல்யாணம்

அத்தியாயம் 7

ஹாஷிம் காலையிலிருந்து ஒரு பகிடிகூட விடவில்லை. செத்த வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வெளியே வருவான் என்று பெயரெடுத்தவன்.

எதிரே கதிரையில், களவெடுத்தவள் என்ற பெயரோடு உட்கார்ந்திருந்தவள் அவனுடைய சொந்தத் தங்கை ஜெஸ்லா.

மாத்தளைக் கடைத்தெருவில் இப்ஹாம் முதலாளியின் ஸ்டூடியோவைத் தெரியாதவர்கள் குறைவு. அதற்குக் காரணம் இப்ஹாம் அல்ல, ஜெஸ்லா. முஸ்லிம் கல்யாண வீட்டில் பெண்கள் பக்கத்துப் படங்களைப் பெண்தான் எடுக்க வேண்டும். மருதாணிக் கையும், தலையில் முக்காடு இல்லாத சிரிப்பும் வெளி ஆண்களின் கண்ணுக்கு உரியவை அல்ல. எடுப்பது ஜெஸ்லா, சீராக்குவது ஜெஸ்லா, பச்சைத் திரைக்குப் பின்னால் உள்ள பெண்கள் அறையில் அச்சடித்து அல்பம் கட்டுவதும் ஜெஸ்லா. அவள் முதன்முதலில் எடுத்த கல்யாணம் ஹாஷிமுடையது. "என்ட பொண்டாட்டிட படத்தப் பாக்க நானே தங்கச்சிக்கு மனுப் போடணும்" என்று அவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

இப்போது பக்கத்து ஊரான நாலந்தாவைச் சேர்ந்த றுஸைனா என்ற மணப்பெண்ணின் படங்கள் முழுவதையும் காணவில்லை. காணவில்லை என்றால் எங்கே போயின? யாருடைய போனில் சுற்றுகின்றன? பெண்ணின் அண்ணன்மார் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் படங்கள் கிடைக்காவிட்டால் பொலிஸ். பொலிஸை விடப் பெரியது ஒன்றும் இருந்தது. அதற்குப் பிறகு ஜெஸ்லாவை எந்த வீட்டிலும் பெண்கள் அறைக்குள் விடமாட்டார்கள். கெமராவோடு மட்டுமல்ல, வெறுங்கையோடும்.

"ஹாஷிம், அந்த டோர்ச்ச இங்கிட்டு அடி" என்றார் நிரஞ்சனி.

மாடிப்படிக்குக் கீழே, ஒட்டடைக்கு நடுவில், சப்பாத்துப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதுதான் ஸ்டூடியோவின் லினக்ஸ் சேர்வர். கடையில் உள்ள எல்லாக் கணினிகளும் படங்களைப் போட்டு எடுக்கும் பொது இடம். அதன் பக்கத்தில் இன்னொரு பெட்டி, வெளியே இருந்து பொருத்திய பெரிய ஹார்ட் டிஸ்க். பெண்கள் ஃபோல்டர் நிரம்பி வழியத் தொடங்கியதும் அதற்கென்றே வாங்கிப் போட்டது. நிரஞ்சனி ஒரு காலத்தில் வங்கியில் கணினிப் பிரிவில் இருந்தவர். வேலையை உதறிவிட்டுக் கிராம்புக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த ஹாஷிம் வண்டியோடு வந்து சேர்ந்தான். மனிதர்கள் பொய் சொல்வதைப் போலவே மெஷின்களும் பொய் சொல்லும், ஆனால் மெஷின் பொய் சொன்னதை எழுதி வைத்துக்கொள்ளும் என்பது நிரஞ்சனியின் கட்சி.

"மறுபடி மொதல்லருந்து சொல்லு ஜெஸ்லா. தேர் அன்னைக்கு என்னா நடந்திச்சு?"

ஜெஸ்லா முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தாள். "கல்யாணம் டவுன் ஹோல்ல மிஸ். முடிய தேர் வந்திட்டு, ரோட்ட மூடிட்டாங்க. நடந்துதான் வந்தேன். றுஸைனாட உம்மா நாச்சியா மாமியும் என்னோடயே வந்தாங்க. தேர் கம்பில முட்டும்ண்டு கரண்ட நிப்பாட்டி ஈந்தாங்க. இருட்டுக்குள்ள குந்திட்டு ஈந்தோம். கரண்ட் வந்த பொறகு கார்ட்ல ஈந்த படத்த எல்லாம் ஃபோல்டருக்குப் போட்டேன். மாமிக்கு ஒவ்வொண்டாக் காட்டினேன். பொறகு அவங்கட கண்ணுக்கு முன்னாலயே கார்ட அழிச்சேன்."

"அழிச்சியா!" ஹாஷிம் நூறாவது தடவையாக இதே கேள்வியைக் கேட்டான்.

"அதானே நானா வழக்கம். படம் வேற எங்கயும் போகாதுண்டு உம்மாமாருக்கு நம்பிக்க வரணுமே. அதுக்குத்தானே கூட்டிட்டு வாற" என்றாள் ஜெஸ்லா அண்ணனிடம்.

படங்களைக் காக்க அவளாகவே ஏற்படுத்திய வழக்கம் இன்றைக்கு அவள் கழுத்தையே நெரித்தது. வேறு பிரதி கிடையாது.

"அடுத்த நாள்?"

"காலைல நான் வீட்ட ஈக்கக்குள்ளயே முதலாளி போன்ல கோல் எடுத்தார். றுஸைனாட படம் காணல்ல, எங்கண்டு கேட்டார். ஓடி வந்து பாத்தா இல்ல. நானே மாமிக்குக் கோல் எடுத்து விஷயத்தச் சென்னேன். ஒளிக்க எனக்குத் தெரியா மிஸ்."

நிரஞ்சனி மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, சேர்வரின் பகிர்வு அமைப்புக் கோப்பைத் திறந்தார். எந்த ஃபோல்டருக்குள் யார் நுழையலாம் என்று அதில்தான் எழுதியிருக்கும். பெண்கள் ஃபோல்டருக்கு நேரே ஒரே ஒரு பெயர் இருந்தது. ஜெஸ்லா. முதலாளியின் பெயர்கூட இல்லை.

"பூட்டு ஒண்ணு, சாவி ஒண்ணு" என்றார்.

ஹாஷிமுக்கு அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. ஒரே சாவி என்றால் ஒரே கள்ளன். அந்தக் கள்ளன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாத்தையும் திறக்கிற நிர்வாகிப் பாஸ்வேர்ட், சேர்வரப் போட்ட கண்டி டெக்னீஷியன்கிட்டதானே மிஸ் ஈக்குது? அவன் செஞ்சிருந்தா?" அவன் குரலில் ஆசை தெரிந்தது.

"அவர்தான் காலைல போன்ல எனக்குத் தந்தாரு. இந்தக் கிழமை நான் போறதுக்கு முன்னுக்கு அதுல ஒருத்தரும் உள்ளுக்குப் போகல்ல. தடம் இருந்திருக்கும்."

இப்ஹாம் முதலாளி தட்டில் பிளேன்டீ கொண்டு வந்தார். வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசம், பதவிசான பேச்சு. "குடிங்க மிஸ். காலைலருந்து கஷ்டப்படுறீங்க. ஜெஸ்லா என்ட தங்கச்சி மாதிரி. ஏதோ தெரியாமக் கை பட்டு அழிஞ்சி ஈக்கும். ஒத்துக்கிட்டா நானே அவங்கள்ட காலப் பிடிச்சிச் சமாளிப்பேன்."

"நான் அழிக்கல்ல முதலாளி!"

"சரி சரி, அழாதீங்க." அவர் ஹாஷிமின் தோளைத் தட்டினார். அந்த ஆறுதல் ஹாஷிமுக்குக் கன்னத்தில் விழுந்த அறையைவிட வலித்தது.

நிரஞ்சனி பகிர்வுச் சேவையை நிறுத்தி மறுபடி ஓட விட்டார். மாற்றமில்லை. உரிமைகளைச் சரிபார்த்தார். எல்லாம் ஒழுங்கு. அழித்தவை போய் விழும் குப்பைத்தொட்டியைப் பார்த்தார். வெறுமை. சேர்வர் தானாக எழுதி வைக்கும் பதிவைப் படித்தபோது மட்டும் புருவம் சுருங்கியது.

"தேர் அன்னைக்குச் சாயங்காலம் படங்க உள்ளுக்கு வந்திருக்கு. வந்த தடம் தெளிவா இருக்கு."

"பொறகு?"

"போன தடம் இல்ல."

ஹாஷிம் டோர்ச்சைத் தாழ்த்தினான். "வீட்டுக்குள்ள வந்த மாப்பிள வெளிய போகவும் இல்ல, வீட்டுக்குள்ளயும் இல்ல. அப்பிடியா?" பகிடி மாதிரி ஆரம்பித்தது, பாதியிலேயே அழுகை மாதிரி முடிந்தது.

"இன்னொண்ணு. சேர்வருக்குள்ள இருக்கிற சின்ன டிஸ்க்குல உள்ள ஃபைல எல்லாம் கூட்டினா கொஞ்சந்தான் வருது. ஆனா டிஸ்க்கு வயித்தத் தடவிக்கிட்டு ரொம்பத் தின்னுட்டேன்னு சொல்லுது. என்னாத்தத் தின்னுச்சுன்னு காட்ட மாட்டேங்குது."

அவர் கையை விரித்தார். நிரஞ்சனி மிஸ் கையை விரித்து ஹாஷிம் பார்த்ததில்லை. வெளியே தெருவில் தேர் போன அடையாளம் இன்னும் இருந்தது; சிதறு தேங்காயின் சிரட்டைத் துண்டுகளை ஒரு நகரசபை ஊழியர் கூட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சிரட்டைகளுக்குக்கூடப் போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. யா அல்லாஹ், வாயால் பிழைத்தவனுக்கு வாயால் செய்ய எதுவுமே இல்லாத நாளைக் கொடுத்துவிட்டாயே.

அஸருக்கு முன்பே மணப்பெண்ணின் உம்மா நாச்சியா வந்துவிட்டார். தனியாக, பஸ்ஸில். கறுப்பு அபாயாவின் கீழ் விளிம்பு தூசியாகியிருந்தது.

"மகன்மார் பொறகால வேன்ல வாராங்க" என்றார், யாரையும் பார்க்காமல். "அவங்க வந்து கத்தினப் பொறகு எனக்குப் பேச ஏலாது. அதுக்குத்தான் முன்னுக்கு வந்தேன். ஜெஸ்லா, என்ட மகள்ட படம் எங்க பிள்ள?"

"எனக்குத் தெரியா மாமி. குர்ஆன் மேல சத்தியமாத் தெரியா."

நாச்சியா அவளையே பார்த்தார். "ஒன்ன நம்பத்தான் பாக்குறேன். நீ கார்ட அழிச்சத என்ட கண்ணாலே கண்டேன். அண்டைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதியா ஈந்திச்சி தெரியுமா? ஃபோல்டர்ல என்ட மகள்ட கல்யாணம் மட்டுந்தான். வேற யார்ட ஒரு படமும் இல்ல. இந்தப் பிள்ள பழசெல்லாத்தையும் துப்புரவாக்கிக் குடுத்திடும், நம்பலாம்ண்டு நெனச்சேன்."

விசைப்பலகையில் ஓடிய நிரஞ்சனியின் விரல்கள் நின்றன.

"என்னா சொன்னீங்க? வேற படமே இருக்கல்லயா?"

"இல்ல. ஃபோல்டர் கழுவி வெச்ச மாதிரி ஈந்திச்சி."

"ஜெஸ்லா! இது உண்மையா?"

"ஓம் மிஸ். பழைய கல்யாணத்த எல்லாம் வேற எடத்துக்கு மாத்திக் குடுங்கண்டு முதலாளிக்கிட்டச் சொல்லி ஈந்தேன். டெக்னீஷியனக் கூப்பிட்டு மாத்திட்டார்ண்டு நெனச்சேன்."

"இப்ப அந்தப் பழைய கல்யாணங்க எங்க?"

"அது எல்லாம் ஈக்குதே. அடுத்த நாள் காலைல பாக்கக்குள்ள எல்லாம் ஈந்திச்சி. றுஸைனாட மட்டுந்தான் இல்ல."

"அடிப் பாவி, இத ஏன் எனக்கு மொதல்லயே சொல்லல்ல?"

"நீங்க காணாமப் போனதத்தானே கேட்டீங்க மிஸ். ஈக்கிறதக் கேக்கல்லயே."

நிரஞ்சனி எழுந்து நின்றார். மாடிப்படியில் தலை இடித்தது, அதைக் கவனிக்கவுமில்லை. "ஹாஷிம், ஒரு கள்ளன் சாயங்காலம் வந்து பழைய சாமான எல்லாம் தூக்கிட்டுப் போறான். காலைல அத்தனையும் கொண்டாந்து வெச்சிட்டு, புதுசு ஒண்ண மட்டும் எடுத்துட்டுப் போறான். இப்பிடி ஒரு கள்ளன நீ கண்டிருக்கியா?"

"கள்ளன் இல்ல மிஸ், கூலிக்கு வந்தவன்" என்றான் ஹாஷிம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அதேதான். சாமான் அசையல்ல. தரைதான் மாறியிருக்கு." அவர் முதலாளியின் பக்கம் திரும்பினார். "கரண்ட் போய் வந்தா சேர்வர் தானா எழும்பும். இந்தப் பெரிய டிஸ்க் பெட்டி எழும்புமா?"

"இல்ல மிஸ். அதுக்கு பட்டன அமத்தணும்" என்றார் இப்ஹாம். "கரண்ட் போனா தாங்கிப் பிடிக்கிற பெட்டரி செத்துப் போச்சி. அடுத்த நாள் கடையத் திறந்தோடனே லைட் எரியாமக் கிடந்திச்சி. நான்தான் அமத்தினேன்."

நிரஞ்சனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நீங்கதான் மூடியிருக்கீங்க."

எல்லோரும் விழித்தார்கள்.

"பெண்கள் ஃபோல்டர்னு ஜெஸ்லா பாக்கிறது உண்மையில அந்தப் பெரிய டிஸ்க். அத வாங்க முந்தி அதே எடத்துல, அதே பேர்ல, சேர்வருக்குள்ள ஒரு ஃபோல்டர் இருந்திருக்கு. வெறும் தரை மாதிரி. பெரிய டிஸ்க்க அதுக்கு மேல பாய் மாதிரி விரிச்சிருக்காங்க. பழைய கல்யாணம் எல்லாம் பாய்க்கு மேல. தேர் அன்னைக்கு டிஸ்க்குக்கு உயிர் இல்ல, பாய் சுருண்டிருச்சு. ஜெஸ்லா படத்த வெறும் தரையில வெச்சிட்டுப் போயிருக்கா. காலைல முதலாளி பட்டன அமத்த, பாய் மறுபடி விரிஞ்சு படத்துக்கு மேல விழுந்திருச்சு. மூணு நாளா எல்லாரும் பாய்க்கு மேலயே தேடிக்கிட்டு இருக்கோம்."

"அப்ப அந்தச் சின்ன டிஸ்க்ட வயித்துல..." ஹாஷிம் கறுப்புப் பெட்டியைக் காட்டினான்.

"றுஸைனா கல்யாணம்தான் இருக்கணும். இருக்கணும்னுதான் சொல்றேன். கண்டாத்தான் உண்டு."

பகிர்வை நிறுத்தினார். பெரிய டிஸ்க்கை முறைப்படி கழற்றிவிட்டார். மறுபடி பகிர்வை ஓட விட்டார். "ஆம்பிளைங்க ரெண்டு பேரும் சுவர்ப் பக்கம் திரும்புங்க" என்றார்.

ஹாஷிம் சுவரைப் பார்த்து நின்றான். பக்கத்தில் இப்ஹாம் கண்ணை மூடி ஏதோ ஓதினார். பச்சைத் திரைக்குப் பின்னால் ஜெஸ்லா பாஸ்வேர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இல்லை என்றால் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு பின் கதவால் ஓடுவதா, முன் கதவால் வேனுக்கு முன்னால் நிற்பதா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"மகள்" என்றார் நாச்சியா. ஒரே சொல். அதற்குப் பிறகு வந்தது அழுகை.

ஹாஷிம் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டான். "மிஸ், நான் இப்ப சிரிக்கலாமா?" என்று சுவரிடமே கேட்டான்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் இப்ஹாம் உரத்த குரலில். "நான் அப்பவே சென்னேனே, ஜெஸ்லா அப்பிடிப்பட்ட பிள்ள இல்லண்டு!"

அப்போது வைத்திருக்க வேண்டும் முற்றுப்புள்ளி. நிரஞ்சனி வைக்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, சேர்வரின் முன்னால் மறுபடி உட்கார்ந்தார்.

"முதலாளி, ஒரு சின்ன சந்தேகம். ஜெஸ்லா வீட்ல இருக்கும்போதே நீங்க போன் எடுத்து, றுஸைனா படம் காணல்லன்னு சொன்னீங்க."

"ஓம்."

"ஜெஸ்லா மட்டுமே திறக்கிற ஃபோல்டருக்குள்ள ஒரு படம் இல்லன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

இப்ஹாம் தொப்பியைச் சரிசெய்தார். சரியாக இருந்த தொப்பியைத்தான் சரிசெய்தார்.

"அது... அல்ப வேலைக்கு..."

"பெண்கள் அல்ப வேலை முழுக்க ஜெஸ்லாவோடது." நிரஞ்சனி பதிவைத் திரையில் நிறுத்தினார். "பேரத் தேடினப்ப எல்லாம் ஜெஸ்லான்னுதான் இருந்திச்சு, அதனால நானும் ஏமாந்தேன். எந்த மெஷின்லருந்து வந்ததுன்னு இப்பத்தான் பாக்குறேன். ஜெஸ்லா பேர்ல, உங்க மேசைல இருக்கிற லெப்டொப்லருந்து. அவ கல்யாண வீட்டுக்குப் போற நாள்லயெல்லாம். ஜெஸ்லா, எப்பவாவது அவரோட லெப்டொப்ல வேல செஞ்சியா?"

"என்ட கொம்பியூட்டர் பழுதாப் போன நேரம்..." அவள் குரல் உள்ளே போய்விட்டது. "பாஸ்வேர்ட ஞாபகம் வெச்சிக்கவாண்டு கேட்டிச்சி. ஓம்ண்டு அமத்தினேன்."

"அந்தக் காலைலயும் அவரு புதுக் கல்யாணத்தத் தேடித்தான் உள்ளுக்குப் போயிருக்காரு. காணல்லன்னதும் பயந்துட்டாரு."

இப்ஹாம் ஓர் அடி பின்வாங்கினார். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாச்சியா திரைக்கு வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "என்ட மகள்ட படத்த?"

"இல்லம்மா. தரைல கிடந்தத அவரு காணல்ல. அவரே பாய விரிச்சு மூடிட்டுத்தான் தேடினாரு. உங்க மகளோடத ஒருத்தரும் பாக்கல்ல." நிரஞ்சனி கண்ணாடியைக் கழற்றினார். "அத மட்டுந்தான் பாக்கல்ல."

ஜெஸ்லா மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தாள். அவள் மேல் இருந்த பழி போய்விட்டது. ஆனால் முகத்தில் அதன் சந்தோஷம் ஒரு பொட்டும் இல்லை. "எத்தின வீட்டு உம்மாமாருக்கு முன்னால கார்ட அழிச்சிக் காட்டினேன்" என்றாள். "எத்தின பேர் என்ட கையப் பிடிச்சி துஆச் செஞ்சாங்க."

"பொலிஸுக்குப் போகலாம்" என்றார் நிரஞ்சனி. "இந்தப் பதிவு நிக்கும். லெப்டொப்ப இப்பவே எடுத்து வைக்கிறேன்."

"போகலாம் மிஸ். போனா அவங்க எல்லாரையும் கூப்பிடுவாங்க. ஒங்கட படத்த ஒரு ஆம்பிள பாத்தாண்டு நான் ஒவ்வொரு வீடா ஏறி என்ட வாயால செல்லணும். மறைச்சா அதுவும் களவு." அவள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். "நான் என்ன செய்ய நானா?"

ஹாஷிம் வாயைத் திறந்தான். அவனிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும். அப்போதுதான் வேறொன்று மெல்ல அவன் தலைக்குள் ஏறியது.

"அந்தப் பெரிய டிஸ்க்ல... ஆகப் பழைய கல்யாணம் யார்ட?"

ஜெஸ்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

பள்ளிவாசலில் தொழுகை முடிந்து சனம் தெருவில் இறங்கிக்கொண்டிருந்தது. நாலந்தா வேன் கடை வாசலில் வந்து நின்றது. கதவுகள் அறைந்து சாத்தப்பட்டன. அதே நேரம் ஹாஷிமின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் மனைவி மஸீனா. ஜெஸ்லாவுக்காகக் காலையிலிருந்து நோன்பு பிடித்துக்கொண்டிருப்பவள்.

"படம் கெடச்சா?"

"கெடச்சிட்டு" என்றான்.

"அல்ஹம்துலில்லாஹ்! அல்லாஹ் பெரியவன். நான் சென்னேனே." அவள் மூச்சு விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள், பெண்கள் பெண்களுக்காகக் கேட்பது போல. "யாரும் பாத்தில்லதானே?"

ஹாஷிம் போனைக் காதில் வைத்தபடியே இப்ஹாமைப் பார்த்தான். இப்ஹாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்குதா?" என்றாள் மஸீனா.